நகம் வெட்டாத மாப்பிள்ளை

என் வலது கை என் மாமனாரின் வலது கைக்குள் இருந்தது. இரண்டு கைகளின் மேலும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை போர்த்தியிருந்தது. எதிரே ஹஜ்ரத் குத்பா ஓதி முடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். இனி மாமனார் சொல்ல வேண்டியதைச் சொல்வார், நான் ‘கபூல்’ என்று ஏற்றுக்கொள்வேன், நிக்காஹ் முடிந்துவிடும்.

அப்போது மாமனாரின் கட்டைவிரல் நகர்ந்தது.

கைக்குட்டைக்கு அடியில் அது மெல்ல என் கட்டைவிரல் நகத்தின் மேல் ஏறி, ஓரத்தை ஒரு தடவு தடவி, அங்கேயே நின்றது. மற்ற நகங்கள் அவருடைய புறங்கையில் பதிந்திருந்ததையும் அவர் அந்தக் கணத்தில்தான் உணர்ந்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்தார்.

“ஹஜ்ரத், ஒரு நிமிசம் பொறுங்க” என்றார்.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு வீட்டுக் கூடம். ஜன்னல் கண்ணாடியெல்லாம் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. பின்கட்டிலிருந்து நெய்ச்சோற்று வாசனை. ஜமாஅத்துப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணிடம் சம்மதம் கேட்டாகிவிட்டது, சாட்சிகள் சபையில் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு நிக்காஹ் சபையில் ‘பொறுங்க’ என்ற சொல்லை அங்கிருந்த யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எனக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. காரணம் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஏலத்தில் வந்தது

இந்தத் தொடரைப் படிக்கும் வாசகர் ஒருவர், ‘கொடைக்கானல் கடைவீதியில் பிறந்தவருக்கு ஸ்பெயின் தேசத்துக் கிதார் எப்படி வந்தது? உங்கள் குரு யார்?’ என்று கேட்டு எழுதியிருந்தார். குரு என்று ஒருவரைச் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் ஏலம் போட்ட மனிதரைத்தான் சொல்ல வேண்டும்.

அத்தாவுக்கு, அதாவது என் தகப்பனாருக்கு, கடைவீதியில் மளிகைக்கடை. பங்களாக்காரர்களுக்கு வெண்ணெய், ரொட்டி, டின் சாமான். சுதந்திரம் வந்த பிறகு துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். போகும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டுவிட்டுப் போவார்கள். ஐம்பதுகளின் நடுவில் அப்படி ஓர் ஏலத்துக்கு அத்தா போனார். அவர் குறி வைத்தது ஒரு பெரிய செப்பு அண்டாவை. தனியாகத் தர மாட்டோம், அந்த மூலையில் கிடப்பதையெல்லாம் சேர்த்து எடு என்றார்கள்.

அந்த மூலையில் அண்டாவோடு ஒரு குடை ஸ்டாண்டு, இரண்டு வெந்நீர்ப் பை, சாவி கொடுக்கிற கிராமபோன், நாலு இசைத்தட்டு, ஒரு கிதார். அத்தா கிதாரின் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, “பலகை நல்லாத்தான் இருக்கு. உடைச்சா கல்லாப்பெட்டிக்கு ஆவும்” என்றார்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுக் கடையில் நின்றேன். கல்லாப்பெட்டி ஆவதற்கு முன்னால் ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமே என்று எடுத்தேன். அத்தா அதை உடைக்கிற வேலையை இன்னும் தள்ளிப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார் என்று எங்கள் வீட்டில் கேலியாகச் சொல்வோம். அத்தா போய்ப் பல வருடமாகிறது.

நாலு தட்டில் இரண்டு கீறல் விட்டவை. ஒன்று டான்ஸ் பாட்டு. நான்காவதில்தான் என் ஆயுசு இருந்தது. ஒரே ஒரு கிதார். பாடுகிறவர் யாரும் இல்லை. நடுநடுவே பட் பட்டென்று சத்தம். ஊசி துள்ளுகிறது என்று நினைத்துத் தட்டைத் துணியால் துடைத்துத் துடைத்துப் போட்டேன். ஒரு இடத்தில் ஒருவன் உரக்கக் கத்துவான். பதிவு செய்யும் இடத்தில் யாரோ சண்டை போட்டிருக்கிறார்கள் என்றே பல மாதம் நம்பினேன். அந்தப் பட் பட் கைதட்டல் என்பதும், அந்தக் கத்தல் பாராட்டு என்பதும், தாளம் அந்தக் கைதட்டலில்தான் இருக்கிறது என்பதும் ரொம்பப் பின்னால் தெரிந்தது.

மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருவர் வெண்ணெய் வாங்க வருவார். தட்டின் நடுவில் இருந்த எழுத்தைக் காட்டினேன். “இட்ஸ் ஸ்பானிஷ். ஃபிளமெங்கோன்னு சொல்லுவாங்க” என்றார். ஸ்பெயின் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வெண்ணெய் சுற்றுகிற காகிதத்தில் தேசப்படம் போட்டுக் காட்டினார். வெண்ணெயை வேறு காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் படத்தை நான் வைத்துக்கொண்டேன்.

மூணு, மூணு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு

அந்த இசை பன்னிரண்டு எண்ணிக்கையில் ஓடுகிறது. ஆனால் சமமாக இல்லை. மூணு, மூணு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு என்று அழுத்தம் விழும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. சர்க்கரை நிறுக்கும்போது, சாக்கு தைக்கும்போது, வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருப்பேன். “தொழுகைக்கு வராத பய தஸ்பீஹ் மட்டும் எண்ணி எண்ணி ஓதுறான்” என்று கடைக்கு வருகிறவர்கள் கிண்டல் செய்வார்கள்.

கண்டுபிடித்ததும் தப்பாகத்தான் கண்டுபிடித்தேன். அவர்கள் எந்த இடத்தில் தொடங்குகிறார்களோ அங்கே நான் தொடங்கவில்லை. என் காது எங்கே முதலில் கால் வைத்ததோ அங்கிருந்து ஒன்று என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன். பல வருடம் கழித்து மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்த ஒரு ஸ்பெயின்காரர் என் வாசிப்பைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் நீ வீட்டுக்குள் ஜன்னல் வழியாக ஏறி வருகிறாய் என்றார். பத்திரிகைகளில் என்னுடைய ‘தனிப்பாணி’ என்று எழுதுகிறார்களே, அது இந்தப் பிசகுதான். விமரிசகர்கள் மன்னிக்க வேண்டும்.

நல்ல கம்பி கிடையாது. ஏரிக்கு மீன் பிடிக்க வருகிற ஒரு துரையிடம் கேட்டு வாங்கிய தூண்டில் நைலான் நரம்புதான் மெல்லிய மூன்றுக்கும். தடித்த மூன்றை மதுரையிலிருந்து வரவழைத்தேன்.

கம்பிக்கு வழி பிறந்தது. நகத்துக்குத்தான் பிறக்கவில்லை.

பூண்டும் நகமும்

இந்த வாசிப்புக்கு வலது கையில் ஐந்து நகமும் வேண்டும். சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக விரித்து ஆறு கம்பிகளையும் உரசிப் போக வேண்டும். விரல் சதையால் உரசினால் போர்வைக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கும். நகம் ஒரு அரிசி அகலத்துக்கு வெளியே நீண்டிருந்தால்தான் அந்தச் சுள்ளென்ற சத்தம் வரும்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை வெள்ளனே எழுந்து நகம் வெட்டிக் குளித்துவிட்டுத்தான் ஜும்மாவுக்குப் போவது. நாற்பது நாளுக்கு மேல் நகத்தை விடக்கூடாது என்று அம்மா எண்ணிக்கொண்டே இருப்பார். நான் இடது கையை வெட்டிவிட்டு வலது கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். இடது கையில் நகம் இருந்தால் கம்பியை அமுக்க முடியாது, ஆகவே பாதி நல்ல பிள்ளையாக இருப்பதில் எனக்குக் கஷ்டமே இல்லை.

அடுத்த எதிரி பூண்டு. பூம்பாறையிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். அதைப் பிரித்துத் தரம் பார்ப்பது என் வேலை. ஒரே நாளில் இரண்டு நகம் பிளந்துபோனது. அழுதுவிட்டேன், இருபது வயதில். பிறகு எல்லாவற்றையும் இடது கையால் செய்யப் பழகினேன். சாமானை இடது கையால் நீட்டினால் வாங்குகிறவர்களுக்குக் கோபம் வராதா?

“என்ன தம்பி, சோத்துக் கைக்கு என்ன கேடு?”

“நகத்துல அடி அண்ணே.”

“வருசம் பூராவுமா?”

சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன். “ஏலே, வீட்டை விட்டுப் போன துரையெல்லாம் உன் உடம்புக்குள்ள புகுந்துட்டானா?” என்பார் அத்தா. கேலி செய்வாரே தவிர நகத்தை வெட்டு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ராத்திரிச் சாப்பாடு ஆனதும், “அந்த ஸ்பெயின்காரனைக் கொஞ்சம் கூப்பிடு” என்று அவரே கேட்பார்.

தலையாட்டினேன்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சீசனில், ஓர் ஓட்டலில் நாலு மணி டீக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். மெட்ராஸிலிருந்து வந்திருந்த இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் மூன்று நாள் அதே மேஜையில் உட்கார்ந்து கேட்டார். நாலாம் நாள், தனிக் கிதாரில் ஒரு தட்டு போட்டுப் பார்க்கலாம், ஸ்டூடியோ கிடைத்ததும் எழுதுகிறேன் என்றார். அந்தக் கடிதம் வந்தபோது மறு வருடத்துப் பங்குனி. அதற்குள் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள்.

பெண்ணின் தகப்பனார் பழனியில் பேரீச்சம்பழமும் கற்கண்டும் மொத்த வியாபாரம் செய்கிறவர். பஞ்சாமிர்தக் கடைகளுக்கெல்லாம் அவர் சரக்குதான் போகும். பேரீச்சம்பழத்தைக் கண்ணால் பார்க்க மாட்டார், கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார்.

பேச்சு நடந்த அன்று அவர் கேட்டார்: “மாப்பிள்ளைக்கு ஓட்டல்ல வாத்தியம் வாசிக்கிற பழக்கம் உண்டுன்னு காதுல விழுந்துச்சு. எங்க பக்கத்துல அது சரிப்படாது.”

அத்தா ஒரு வினாடி தயங்கினார். “அதெல்லாம் சின்ன வயசு ஆசைங்க. விட்டுட்டான்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். வலது கை ஜிப்பாப் பைக்குள் இருந்தது. அத்தா சொன்ன பொய்யை விட என் தலையாட்டல்தான் பெரிய பொய். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது.

பெண்ணின் அக்கா நாயுடுபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தார். அவர் நிறைமாதம், மலை இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கல்யாணமே மலை ஏறி வந்தது. பழனியில் உத்திரக் கூட்டம் கலைந்த கையோடு தேதி வைத்தார்கள். கடிதத்தைப் பிரித்துப் பார்த்தால், நிக்காஹுக்கு ஆறாம் நாள் மெட்ராஸில் ரெக்கார்டிங்.

காற்றை வெட்டிய கத்தரி

எங்கள் வழக்கப்படி நிக்காஹ் அன்று காலையில் மாப்பிள்ளைக்கு முடி திருத்தி, முகம் வழித்து, இருபது நகமும் வெட்டிக் குளிக்க வார்ப்பார்கள். பெரியவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். வளர மூன்று மாதம் ஆகும் நகம். ஆறு நாளில் ரெக்கார்டிங்.

முடி திருத்துகிற மஸ்தான் அண்ணனிடம் முதல் நாளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் விரல்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இம்புட்டு நேர்த்தியா நாங்கூட ராவ மாட்டேன். எதுல ராவுறீங்க?”

“தீப்பெட்டி மருந்துப் பட்டையில.”

“அடேங்கப்பா” என்று சொல்லிவிட்டு என் கையை விட்டார். “பொறுப்பை எங்கிட்ட விடுங்க.”

மறுநாள் காலையில் இடது கையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நிதானமாக வெட்டினார். வலது கைக்கு வந்ததும் குளிர் என்று சொல்லி ஒரு துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொண்டார். துண்டுக்குள் கத்தரி சத்தம் மட்டும் கேட்டது. காற்றை வெட்டிக்கொண்டிருந்தார். ஐந்து விரலுக்கும் ஐந்து தரம், ஒன்றுகூடக் குறைக்கவில்லை. “ஆச்சு, வெரசா தண்ணி வாருங்க” என்றார்.

நானும் அவரும் எல்லாவற்றையும் யோசித்தோம். நிக்காஹ் சபையில் மாமனார் என் வலது கையைப் பிடிப்பார் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. பேரீச்சம்பழக் கட்டைவிரல் அது.

மறுபடி கேளுங்க

“என்ன மாப்ளே, நகம் வெட்டலையா?”

“வலது கையில மட்டும் வெட்டலை மாமா.”

“எதுக்கு?”

“கிதார் வாசிக்கிறதுக்கு” என்றேன்.

“அதை விட்டாச்சுன்னீங்களே.”

அத்தா எழுந்துவிட்டார். “சம்மந்தி, தப்பு என்னோடது...”

“நானும் தலையாட்டினேன் மாமா” என்றேன்.

கூட்டத்தில் ஒருவர், “அட, இதுக்குப் போயா! மஸ்தான் இங்கதானே நிக்கிறாரு, வெட்டி விட்டாச் சோலி முடிஞ்சுது” என்றார். எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. மஸ்தான் அண்ணன் என் முகத்தைப் பார்த்தபடி பெட்டியைத் திறக்காமல் நின்றார்.

ஒரு நிமிட வேலைதான். வெட்டியிருந்தால் கல்யாணம் நின்றிருக்காது, மெட்ராஸ் நின்றிருக்கும். ஆனால் அந்த இடத்தில் எனக்கு மெட்ராஸ்கூட நினைவுக்கு வரவில்லை. மறுபடியும் தலையாட்டப் போகிறோமா என்பதுதான் நினைவில் இருந்தது.

“இன்னைக்கு வெட்டினா மூணு மாசத்துல மறுபடி வளப்பேன் மாமா. நான் விட மாட்டேன். அதைச் சொல்லாம உங்க பொண்ணைக் கட்டக் கூடாது.”

மாமனார் கையை எடுத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

“விட்டாச்சுன்னு சொல்லித்தான் எம் மவகிட்ட சம்மதம் வாங்குனேன். இப்ப பேச்சே மாறிப்போச்சு. என்ன செய்யச் சொல்றீங்க ஹஜ்ரத்?”

ஹஜ்ரத் கைக்குட்டையை மடித்துக் கீழே வைத்தார். “நகத்துக்காக நிக்காஹ் நிக்காது. ஆனா பொண்ணு எதுக்குச் சம்மதிச்சதோ அதுவும் இதுவும் வேற வேறயா இருக்கக் கூடாது. போய் மறுபடி கேட்டுட்டு வாங்க.”

எங்கள் நிக்காஹில் பெண்ணிடம் போய்ச் சம்மதம் கேட்டு வருகிறவரை வக்கீல் என்போம். மணப்பெண் சுலைகாவின் தாய்மாமன்தான் வக்கீல். அவர் இரண்டு சாட்சிகளோடு மறுபடி திரைக்குப் பின்னால் போனார். கல்யாணப் பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை, பெயர் மட்டும்தான் தெரியும். நிறைய நேரம் ஆனது. திரும்பி வந்தவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

“அது என்ன வாசிப்புன்னு நான் கேட்டதே இல்லை, கேக்காத ஒண்ணுக்குச் சரின்னு எப்படிச் சொல்ல, வேணாம்னு எப்படிச் சொல்லங்குது.”

சபையில் முணுமுணுப்பு. மாமனார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “சரக்கைப் பாக்காம வாய் விடாதேன்னு நாந்தான் சொல்லி வளத்தேன். இப்ப எனக்கே வருது.”

அத்தா அதற்குள் வாசலில் இறங்கியிருந்தார். மாப்பிள்ளை கார் நின்றது. அதில் ஏறிக் கடைவீதிக்குப் போய், ஜரிகைத் தலைப்பாகையும் கையில் கிதாருமாகத் திரும்பி வந்து இறங்கினார். கடைவீதியே பார்த்திருக்கும். என் கையில் கொடுத்துவிட்டு, “தடுமாறாம வாசி” என்றார்.

ஹஜ்ரத், “நான் கொஞ்சம் வெளியே போய்க் காத்து வாங்கிட்டு வர்றேன்” என்று எழுந்து போனார், வாத்தியம் வாசிக்கிற இடத்தில் ஹஜ்ரத் உட்காரலாமா? அந்தப் பனியில், அந்த ஊரில், காற்று வாங்க வெளியே போன முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார்.

திரையை ஒட்டி ஒரு நாற்காலி போட்டார்கள். விரல்கள் விறைத்துக் கிடந்தன. யாரோ ஒரு கணப்புச் சட்டியைக் கொண்டுவந்து காலடியில் வைத்தார்கள். மஸ்தான் அண்ணன்தான் அது. கையை அனலில் காட்டிச் சூடாக்கிக்கொண்டு அந்த நான்காவது தட்டில் இருந்ததையே வாசித்தேன். மூணு, மூணு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு. நடுவில் பலகையை விரலால் தட்டுகிற இடம் வரும். “யாரு கதவைத் தட்டுறா?” என்று திரைக்குப் பின்னால் ஒரு குழந்தை கேட்டது. யாரோ வாயைப் பொத்தினார்கள். அதற்குப் பிறகு வளையல் சத்தம்கூட இல்லை. நல்லா வாசித்தேனா என்றால், தெரியாது. பயந்துகொண்டே வாசித்தேன்.

முடித்தேன். தாய்மாமன் திரையருகே போய், “சுலைகா, என்னம்மா சொல்றே?” என்று கேட்டார்.

“சம்மதம்” என்று ஒரு குரல் வந்தது. கூடம் முழுக்கக் கேட்டது. மெல்லச் சொல்லு என்று உள்ளே யாரோ அதட்டினார்கள்.

மாமனார் மறுபடி என் கையைப் பிடித்தார். இந்தத் தடவை கட்டைவிரலை நகத்தின் மேல் படாமல் ஒதுக்கி வைத்துக்கொண்டார்.

பெருமாள்மலையில்

நாலாம் நாள் நாங்கள் இருவரும் மெட்ராஸுக்குப் புறப்பட்டோம். அந்த ரெக்கார்டிங்கைப் பற்றியும், அந்தத் தட்டு என்ன ஆனது என்பதைப் பற்றியும் எழுதினால் எழுதிக்கொண்டே போகலாம். எனக்கு இன்றைக்குச் சொல்லத் தோன்றுவது அதுவல்ல.

பஸ் பெருமாள்மலையில் டீக்கு நின்றது. ஜன்னல் ஓரம் சுலைகா. நாலு நாளாகக் கேட்க வேண்டும் என்று இருந்ததைக் கேட்டேன்.

“என் வாசிப்பு அவ்வளவு பிடிச்சுப்போச்சா?”

“உள்ளதைச் சொல்லட்டா?”

“சொல்லு.”

“பிடிக்கலைங்க. ஒரே படபடப்பா இருந்துச்சு. எங்கே தொடங்குது, எங்கே முடியுதுன்னே தெரியலை.”

மனசுக்கு வலித்தது. மறைக்க என்ன இருக்கிறது? “அப்புறம் எதுக்குச் சம்மதம்னு அவ்வளவு சத்தமாச் சொன்னே?”

அவள் என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நகங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தொட்டாள்.

“முத வாட்டி கேட்டு வந்தாகல்ல, அப்ப நான் வாயே தொறக்கலை. பக்கத்துல இருந்த சின்னம்மாதான், ‘சம்மதம்னு போய்ச் சொல்லுங்க’ன்னுச்சு. பொண்ணு பேசாம இருந்தாச் சரின்னு எடுத்துக்கிறது எங்க பக்கத்து வழக்கம். ரெண்டாவது வாட்டிதான் என்கிட்ட கேட்டாக.”

கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் கையை விடவில்லை.

“நீங்க நகத்தை வெட்டியிருந்தா யாரும் என்கிட்ட கேட்டிருக்கவே மாட்டாக.”